சாயம் சரியாக ஏறவில்லையா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோவையில் குடியிருந்த மூன்று வருடமும் செண்டுமல்லியில் சாயம் போட்ட நூல் சிட்டா எனக்கு எலுமிச்சை மஞ்சளாகத்தான் வெளியே வந்தது. காங்கேயம் பக்கம் வீடு மாறிய முதல் வாரம் அதே பூ, அதே அளவு, அதே பாத்திரம். வந்தது சாணிப் பச்சை. பூ பழசோ என்று நினைத்தேன். படிகாரம் கலப்படமோ என்று நாட்டு மருந்துக் கடையில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன். நான்காவது சிட்டாவும் கெட்டபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இந்தப் போர்த் தண்ணியில பருப்பே வேகாது. இதுல போயி நூலை வேக வெக்கறயே?"

அன்றிலிருந்து சாயத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி, ஈரோட்டுக்காரர்களுக்குக் காவிரி, மற்றவர்களுக்கு ஊருக்கு ஒரு ருசியில் போர்த் தண்ணி என்று இருக்கிற கொங்கு நாட்டில் ஒரு வீட்டுச் செய்முறை அடுத்த வீட்டுக்கு அப்படியே செல்லாது. அதே நேரம் எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட்டுவிடவும் முடியாது. எது எங்கே என்பதைக் கோளாறு வாரியாகச் சொல்கிறேன்.

இது வீட்டில் சிறிய அளவில் பருத்தி நூலுக்கு இயற்கைச் சாயம் போட்டு, குரோஷே, மேக்ரமே, சின்னத் தறி என்று எதையாவது பின்னிக்கொண்டிருப்பவர்களுக்கு. அளவுகள் எல்லாம் 100 கிராம் காய்ந்த நூலுக்கு. ஒவ்வொரு முக்கலுக்கும் 3 லிட்டர் தண்ணீர். சிட்டா என்றால் பட்டா சிட்டா அல்ல, நூல் சிட்டா. வேறு ஊர்க்காரர்கள் சிட்டம் என்பீர்கள்.

தண்ணீரைச் சோதிப்பது

மீட்டர் வேண்டாம். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைக் கத்தியால் சுரண்டிப் போட்டுக் குலுக்குங்கள். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் பார் வேண்டாம், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். நுரை நின்றால் நல்ல தண்ணி. நுரை வராமல் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணி. சுடுதண்ணிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை.

இரண்டாவது சோதனை இரும்புக்கு. இரண்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்து, ஒன்றில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர், மற்றதில் உங்கள் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடி போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். கேன் தண்ணீர் இளம் மஞ்சளாக நிற்கும். குழாய்த் தண்ணீர் சாம்பல் நிறமாக, மை கரைத்தது போல் மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய எழுத்து மையும் இதே வினைதான். என் கிண்ணத்தில் பொடி அடியில் படிவதற்குள்ளேயே ஓரத்தில் சாம்பல் கோடு ஓடியது. நான்கு சிட்டா கெடுத்த குற்றவாளி அந்தக் கோடுதான்.

"மஞ்சளெல்லாம் மங்கிச் சாணிப் பச்சையாகுது"

இரும்பு. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

செண்டுமல்லி, ஆவாரம்பூ, வெங்காயத் தோல் எல்லாவற்றிலும் மஞ்சள் கொடுக்கும் பொருள் இரும்பைத் தொட்டதும் கறுத்து ஒதுங்கும். சாயம் பிடிப்பதற்காக முதலில் கடுக்காய் ஏற்றிய நூல் என்றால் இன்னும் மோசம், அதுவே சாம்பலாகிவிடும். தண்ணீரில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். என் வீட்டில் அது மண்ணிலிருந்து வரவில்லை. பழைய ஜி.ஐ. பைப் உள்ளே துருப்பிடித்துக் கிடந்தது. இரவெல்லாம் பைப்பில் நின்ற தண்ணீர் காலையில் முதலில் வரும்போது லேசாகப் பழுப்பாக இருக்கும். பத்து நிமிடம் செடிக்குத் திறந்துவிட்ட பிறகு பிடித்த தண்ணீரில் கடுக்காய்க் கிண்ணம் மஞ்சளாகவே நின்றது. இரும்பு போனது, உப்பு மட்டும் மிச்சம்.

பத்து நிமிடம் விட்டும் சாம்பல் தெரிந்தால் இரும்பு ஊற்றிலேயே இருக்கிறது. அப்போது கேன் தண்ணீர்தான். 20 லிட்டர் கேன் ஒன்றில் நூறு கிராம் நூலுக்கு வேண்டிய நான்கு முக்கலும் (நூல் வேகவைப்பது, கடுக்காய், படிகாரம், சாயம்) அலசலும் முடிந்துவிடும். முதல் அலசல்களுக்குக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். கடுக்காய் ஏறிய நூல் அலசலில்கூட இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

பாத்திரத்தையும் பாருங்கள். எனாமல் பெயர்ந்த இடம், துருப்பிடித்த கரண்டி, இரும்பு வடச்சட்டி எல்லாம் இதே வேலையைச் செய்யும். எவர்சில்வர் போதும். அலுமினியப் பாத்திரம் சலவைச் சோடாவில் அரித்துப்போகும்.

ஏற்கெனவே மங்கியதைத் திருப்ப முடியுமா? எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் கொஞ்சம் தெளியும், பழைய மஞ்சள் வராது. என் நான்கு சிட்டாவையும் அப்படியே வைத்துச் செடித்தொட்டி தொங்கவிடும் மேக்ரமே போட்டேன். பார்ப்பவர்கள் இந்தப் பச்சை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை.

"சாயம் திட்டுத் திட்டாக ஏறுது"

இதற்கு மூன்று காரணம், மூன்றுக்கும் அடையாளம் வேறு.

நனையாத நூல்தான் அதிகம். வெளுக்காத கோரா நூலின் மேல் பஞ்சின் மெழுகு அப்படியே இருக்கும். காய்ந்த சிட்டாவைத் தண்ணீரில் மெல்ல வையுங்கள், அழுத்தாதீர்கள். பத்து எண்ணுவதற்குள் தானாக மூழ்கினால் நூல் தயார். வாத்து மாதிரி மிதந்தால் மெழுகு போகவில்லை. சலவைச் சோடா 3 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வரும். அவ்வளவு அழுக்கா என்று முதல் தடவை எல்லோரும் திகைப்பார்கள். திரும்பவும் மிதக்கவிட்டுப் பாருங்கள். கனத்த நூலுக்கு இரண்டாம் கொதி தேவைப்படும்.

உப்புத் தண்ணிக்காரர்கள் இந்தக் கட்டத்தில் சோப்பு போடவே கூடாது. பாட்டிலில் பார்த்த அந்தத் திரிந்த துணுக்கு நூலின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் சாயம் ஏறாது. வெறும் சோடா போதும். இன்னும் நல்ல வழி, முந்தின நாள் இரவே வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சோடாவைக் கரைத்து வைத்துவிடுவது. காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு நூல் வேகவைக்க எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோடாத் தண்ணீரைப் படிகாரத்துக்கோ சாயத்துக்கோ எடுக்காதீர்கள்.

இரண்டாவது காரணம், கட்டு. சிட்டா சிக்காகக் கூடாது என்று நாலு இடத்தில் இறுக்கிக் கட்டினால் நாலு இடத்தில் வெள்ளை வளையம் வரும். கட்டும் நூலை 8 என்ற எண் போல் இடையில் ஓட்டி, விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள்.

மூன்றாவது, அது பருத்தியே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி மிச்சம் என்று எடைக்கு வாங்கிய கோன் ஒன்று எனக்கு எந்தச் சாயத்தையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஒரு முழம் அறுத்துத் தீக்குச்சி காட்டினேன். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து பூப்போன்ற சாம்பலாகும். இது பாதி எரிந்து, பாதி உருகி, நுனியில் கறுப்பு மணி உருண்டு நின்றது. பாலியஸ்டர் கலப்பு. அதற்குப் பிறகு எந்தக் கோனையும் விலை பேசும் முன்பே ஒரு துண்டு கொளுத்திப் பார்த்துவிடுகிறேன். கடைக்காரர்கள் ரசிப்பதில்லை.

கோவை கோரா காட்டன் சேலையின் மிச்ச நூல் கிடைத்தால் அதுவும் திட்டாகத் தெரியலாம். அதில் பட்டும் இருக்கும், பருத்தியும் இருக்கும். பட்டு சாயத்தை அள்ளிக் குடிக்கும், பருத்தி கெஞ்ச வைக்கும். அதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

"முதல் அலசலிலேயே பாதிச் சாயம் போயிருது"

நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே பிடிமானம் இல்லை. பருத்தி படிகாரத்தை நேராகப் பிடிக்காது. முதலில் கடுக்காய், அதன் மேல் படிகாரம், அதன் மேல் சாயம் என்று வர வேண்டும்.

கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 20 கிராம். வெந்நீரில் கரைத்து வடிகட்டி, நூலை இரவு முழுக்க ஊறப் போடுங்கள். காலையில் பிழிந்துவிடுங்கள், அலச வேண்டாம். பிறகு படிகாரம் 15 கிராம் வெந்நீரில் முழுதாகக் கரைய வேண்டும். சலவைச் சோடா 2 கிராமைத் தனியாகக் கரைத்து அதில் மெல்ல ஊற்றுங்கள். பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். பொங்கி அடங்கியதும் நூலை விட்டு மறுபடியும் ஓர் இரவு. இப்படிச் செய்தும் போகிறது என்றால் படிகாரத் தண்ணீரின் அடியைப் பாருங்கள்.

கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் படிகாரக் கட்டியைச் சுழற்றினால் அழுக்கு பஞ்சு பஞ்சாகத் திரண்டு கீழே இறங்குமே, அந்த வேலையைத்தான் அது உப்புத் தண்ணியிலும் செய்யும். தண்ணீரில் உள்ள கார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பஞ்சாகிப் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்துவிடும். நீங்கள் 15 கிராம் போட்டீர்கள், நூலுக்குப் போனது அதைவிடக் குறைவுதான். நல்ல தண்ணியில் செய்யுங்கள். வழியில்லை என்றால் தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பொருக்குப் படிந்த பிறகு மேலாக எடுத்தால் ஓரளவு குறையும்.

இரண்டு கைவைத்தியம் பற்றிச் சொல்ல வேண்டும். "உப்புப் போட்டு ஊறவெச்சா சாயம் நிக்கும்" என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே வீட்டுக்கு ஒருவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்திருப்பார், அங்கே மூட்டை மூட்டையாக உப்புப் போட்டதைக் கண்ணால் கண்டிருப்பார். அது ரியாக்டிவ் என்னும் செயற்கைச் சாயம். தண்ணீரில் கிடக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்கு அதற்கு உப்பு வேண்டும். செண்டுமல்லிக்கும், சிவப்புத் தரும் மஞ்சிட்டி வேருக்கும் உப்பு ஒன்றும் செய்யாது. வினிகரும் அப்படித்தான்.

மற்றது மயில்துத்தம். ஒரு சிட்டிகை போட்டால் நிறம் நிற்கும் என்பது உண்மைதான், செம்பு நல்ல பிடிமானம். ஆனாலும் நான் தொடுவதில்லை. மிச்சத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? பாசனத்துக்காக 1992-இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊர் இது. அங்கே தண்ணீரைக் கெடுத்ததில் நாம் இப்போது பேசிய அந்த உப்புக்குப் பெரும் பங்கு. நம் 3 லிட்டரை அதோடு ஒப்பிட முடியாது என்று வாதாடலாம். வாதாடுங்கள், என் வீட்டுக்குள் மயில்துத்தம் வராது.

"மஞ்சிட்டி போட்டேன், செங்கல் நிறம்தான் வருது"

இங்கேதான் கதை திரும்புகிறது. சிறுவாணியில் மூன்று வருடம் முயன்றும் எனக்கு மஞ்சிட்டியில் நல்ல சிவப்பு வந்ததே இல்லை. வந்ததெல்லாம் ஆரஞ்சு, செங்கல், காவி. பருப்பு வேகாத இந்தத் தண்ணீரில் முதல் தடவையே தேர்ச்சீலை போலச் சிவந்தது. மஞ்சிட்டி வேரின் சிவப்புக்குப் படிகாரத்தோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நிறம் கூடும், நிற்கவும் செய்யும். மிருதுவான தண்ணீரில் அது கிடைப்பதில்லை.

ஆகவே கோவைக்காரர்கள் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரு கேன் போர்த் தண்ணி வாங்கி வந்து பாதிக்குப் பாதி கலக்கலாம். அது முடியாதவர்கள் முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக இடித்து ஒரு ஸ்பூன் போடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள், காரம் அதிகமாகி ஊதா கலந்துவிடும். ஆனால் கடுக்காய்க் கிண்ணச் சோதனையில் தோற்ற தண்ணீர் இதற்கும் ஆகாது. இரும்பு பட்டால் சிவப்பு காய்ந்த ரத்தம் மாதிரி ஆகும்.

தண்ணீர் சரியாக இருந்தும் பழுப்பு வருகிறதா? சூடு மிஞ்சிவிட்டது. மஞ்சிட்டியைக் கொதிக்கவிடக் கூடாது. கொதித்தால் வேரில் இருக்கும் மஞ்சளும் பழுப்பும் இறங்கிச் சிவப்பை மூடும். 65, 70 டிகிரிக்குள் இருக்கட்டும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு: பாத்திரத்தின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ் கிளம்பத் தொடங்கும் முன்பே அடுப்பைச் சிம்மில் வையுங்கள், குமிழ் தெரிந்தால் அணையுங்கள். ஒன்றரை மணி நேரம் இப்படி ஏற்றி இறக்கிவிட்டு, அதே தண்ணீரில் இரவு முழுக்க ஆறவிடுங்கள். அடுப்பில் வந்த நிறத்தைவிட ஆறும்போது ஏறுவது அதிகம். வேர்ப்பொடியைத் துணியில் முடிந்து போடுங்கள். நேராகக் கொட்டினால் நூலிழைக்கிடையே போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த பொங்கல் வரை உதிரும்.

"மஞ்சள் போட்ட நூல் சோப்புப் பட்டதும் சிவந்திருச்சு"

ஈரோட்டைச் சுற்றி இருந்துகொண்டு யார்தான் மஞ்சள்கிழங்கில் தொடங்காமல் இருப்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடே வாங்கிய மஞ்சள். நூலில் பளிச்சென்று ஏறும், கடுக்காய்கூட வேண்டாம். அப்புறம் துவைக்கிறோம், ரத்தச் சிவப்பாகிறது, பயந்துவிடுகிறோம்.

பயப்பட ஒன்றுமில்லை, இது ஆரத்தித் தட்டு. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதுபோல் சோப்பின் காரம் பட்டதும் சிவக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து முக்குங்கள், கண் முன்னாலேயே மஞ்சளுக்குத் திரும்பும். இனிமேல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுங்கள், அதில் காரம் இல்லை.

திருத்த முடியாத கோளாறு வேறு. மஞ்சள்கிழங்கு வெயிலுக்கு நிற்காது. கொடியில் இரண்டு நாள் கிடந்தால் வெளுத்துவிடும். என்ன போட்டாலும் நிறுத்த முடியாது. வெளிச்சம் படும் பொருளுக்குச் செண்டுமல்லிக்கு மாறுங்கள். ஆயுத பூஜை முடிந்து லாரி, டிராக்டர், தறி எல்லாவற்றிலிருந்தும் கழற்றி எறியும் மாலைகளைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இதழ்களை நிழலில் காயவைத்தால் ஒரு வருடத்துக்கு ஆகும். தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது கூரையில் செருகும் ஆவாரம்பூவும் படிகாரத்தோடு நல்ல மஞ்சள் தரும்.

பீட்ரூட், சங்குப்பூ, செம்பருத்தி மூன்றிலும் சாயம் போட்டுப் போய்விட்டது என்று கேட்காதீர்கள். அது போகத்தான் செய்யும்.

"அவுரித் தொட்டி நீலமாவே கிடக்குது, நூல்ல ஏற மாட்டேங்குது"

அவுரிக்குத் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். தொட்டியில் நாமே சுண்ணாம்பைக் கொட்டுகிறோம், அதற்கு மேல் போர்த் தண்ணி என்ன கெடுத்துவிடும்.

முதலில் நீங்கள் வாங்கியது எது என்று பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி என்று கேட்டால் தலைக்குப் போடும் பச்சைநிற இலைப்பொடியைத் தருவார்கள். அதை வைத்து இந்தத் தொட்டி கட்ட முடியாது. நமக்கு வேண்டியது இலையை ஊறவைத்து, அடித்து, படிந்த நீலத்தைக் காயவைத்த நீலக்கட்டி. உடைத்து நகத்தால் தேய்த்தால் செம்பு போல மின்னும். வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊற்றிப் பார்த்த ஒரு தோழியும் எனக்கு உண்டு. வேட்டி மாதிரியே வெள்ளையாக வந்தது.

நீலக்கட்டி சரியானதுதான் என்றால் தொட்டி இன்னும் திரும்பவில்லை. அவுரி நீலமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையாது, நூலுக்குள் போகாது. அதன் உயிர்க்காற்றைப் பிடுங்கினால்தான் கரைந்து மஞ்சள் பச்சையாகும். நூலில் ஏறி வெளியே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகும். பிடுங்கும் வேலையைச் சர்க்கரை செய்கிறது. ஒரு பங்கு நீலம், இரண்டு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்). பழச்சர்க்கரை கிடைக்காவிட்டால் கறுத்து நைந்த வாழைப்பழங்களை வேகவைத்து வடித்த சாறு ஆகும், நேரம் கூடப் பிடிக்கும். நம் பாட்டன் காலத்துச் சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு ஊற்றிப் புளிக்கவைத்தார்கள். அதற்கு நாள் கணக்கில் பொறுமை வேண்டும்.

தொட்டியின் மேல்புறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எப்போதும் நீலம்தான். ஸ்பூனை உள்ளே விட்டு ஒரு கரண்டி எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஊற்றி, சில நொடியில் ஓரத்திலிருந்து பச்சையாகி நீலமானால் தொட்டி தயார். ஊற்றும்போதே நீலமாக இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி 50 டிகிரிக்குக் கொண்டுவந்து, சர்க்கரை கொஞ்சம் கூட்டி, நுரை வராமல் மெல்லக் கிளறி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் நம் எல்லோருக்கும் இருக்கும் வியாதி. ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகிறது.

நேற்று வேலை செய்த தொட்டி இன்று மந்தமாக இருந்தால் சுண்ணாம்பு தீர்ந்திருக்கும். ஒரு ஸ்பூன் சேர்த்துச் சூடாக்குங்கள்.

நீலம் ஏறிவிட்டது, ஆனால் பின்னும்போது விரலெல்லாம் நீலம் என்றால், அடர்த்தியான தொட்டியில் ஒரே முக்காக முக்கியிருக்கிறீர்கள். நிறம் உள்ளே போகாமல் மேலேயே அப்பிக்கொண்டிருக்கிறது. வெளிறிய தொட்டியில் ஐந்து நிமிடம், வெளியே இருபது நிமிடம், திரும்ப ஐந்து நிமிடம் என்று ஆறேழு முறை முக்குங்கள். கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் நூலில் ஒட்டிய சுண்ணாம்பு போகும். பிறகு ஒரு சூடான அலசல். ஏற்கெனவே ஒட்டும் நூலையும் இப்படி இரண்டு மூன்று முறை அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"கறுப்பு நல்லாத்தான் வந்துச்சு, இப்ப இழுத்தா அறுகுது"

துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் போட்டு இரண்டு வாரம் ஊறவைத்த இரும்புத் தண்ணியில் கடுக்காய் நூலை முக்கினால் கறுப்பு அருமையாக வரும். முதலில் கெட்டது என்று சொன்ன அதே வினை, இந்த முறை நாம் விரும்பி அழைப்பது. ஆனால் இரும்பு பருத்தியைத் தின்னும். அந்தத் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டவர்களின் நூல் ஆறு மாதத்தில் பொடியாகும், அதை மீட்க வழியில்லை. சீக்கிரம் முக்கி, பத்து நிமிடத்தில் எடுத்து, நிறம் போதாவிட்டால் மறுபடி கடுக்காய், மறுபடி இரும்பு என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அலசல் நன்றாக இருக்க வேண்டும். தறியில் இழுத்துக் கட்டும் பாவுக்கு இந்த நூலைப் போடாதீர்கள். குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும்.

"போன மாசம் போட்ட நிறம் இந்த மாசம் வரல"

வராது. சட்டைக்கோ விரிப்புக்கோ தேவையான நூல் மொத்தத்தையும் ஒரே தொட்டியில் ஒரே நாளில் போடுங்கள், ஒரு சிட்டா கூடுதலாகவே போடுங்கள். மார்கழியில் ஒரு தண்ணீர், சித்திரையில் கிணறு இறங்கியதும் அதே போரில் இன்னும் உப்பேறிய வேறு தண்ணீர்.

காகிதச் சீட்டு சாயத்தில் கரைந்துவிடுவதால் நான் ஒவ்வொரு சிட்டாவிலும் ஒரு துண்டு வெள்ளைப் பாலியஸ்டர் கலப்பு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டு வைக்கிறேன். அந்தத் திருப்பூர்க் கோன் இப்போது அதற்குத்தான் பயன்படுகிறது, எந்தச் சாயத்தில் போட்டாலும் முடிச்சு எண்ணும் அளவுக்கு வெளிறியே இருக்கும். போர்த் தண்ணிக்கு ஒரு முடிச்சு, கேன் தண்ணிக்கு இரண்டு, மழைத் தண்ணிக்கு மூன்று. மூன்று முடிச்சு விழுந்த சிட்டா இதுவரை என்னிடம் இரண்டே இரண்டுதான் இருக்கிறது. காங்கேயத்து மழை அவ்வளவுதான்.